தண்ணீருக்குள் கேமராவின் கனத்தைச் சரிசெய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஆடி மாதம் வந்தால் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். அதே சமயத்தில் தெற்கே உம்கோமாஸ் கடலில் ராகி வந்து சேரும். இந்த ராகி கேழ்வரகு இல்லை; பல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சுறா. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி இங்கே எல்லோரும் ராகி என்றுதான் சொல்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த புதிதில் படகு ஸ்கிப்பர் "இன்றைக்கு நிறைய ராகி" என்றதும் எனக்கு மோர்மிளகாய்தான் ஞாபகம் வந்தது.

இந்தச் சுறாக்கள் கூடும் இடம் அலிவால் ஷோல். கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டரில், பழங்கால மணல்மேடுகள் இறுகிக் கல்லாகி உண்டான பாறைத்திட்டு. அங்குள்ள குகைகளின் தரையில் மணல். காலில் மாட்டிய துடுப்போ கேமராவோ மணலில் ஒரு முறை தட்டினால் போதும், அடுத்த ஐந்து நிமிடம் எடுக்கும் படமெல்லாம் புழுதிப் புள்ளிகளாகத்தான் வரும். என் முதல் குளிர்காலத்தில் அப்படித்தான் ஆனது. கூடவே வலது மணிக்கட்டு வீங்கியது. கேமரா கனமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பாதிதான் சரி. மணிக்கட்டைக் கெடுத்தது கனத்தைவிடச் சாய்வுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கீழே உள்ளது டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் கேமரா, அலுமினிய ஹவுசிங் (கேமராவை நனையாமல் காக்கும் கூடு), இரண்டு ஸ்ட்ரோப் (நீருக்குள் பயன்படும் ஃபிளாஷ்) வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. சிறிய கேமராவுக்கும் முறை இதேதான், எண்கள்தான் குறையும்.

முதலில் உங்கள் எடை, அப்புறம் கேமரா

பலர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். கேமரா தண்ணீரில் ஒரு கிலோ கனம் காட்டுகிறதா, சரி, வெய்ட் பெல்ட்டில் (இடுப்பில் கட்டும் எடைப் பட்டை) ஒரு கிலோ கழற்றிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கேமரா கையில் இருக்கும்வரை கணக்கு சரியாக வரும். அதைக் கூட வந்தவரிடம் கொடுத்தாலோ, கை தவறி விட்டாலோ அந்த நொடியே நீங்கள் ஒரு கிலோ லேசாகிவிடுவீர்கள். டைவின் கடைசியில், மேலே வருமுன் 5 மீட்டரில் நிற்கும்போது இது நடந்தால் நேரே மேலே போய்விடுவீர்கள். எங்கள் ஊரில் முத்துக்குளித்தவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அடியில் போனதும் கல்லை விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு மேலே வருவதற்குக் கயிறு இருந்தது, ஒரே மூச்சு வேலை. நமக்கு அது சரிப்படாது.

ஆகவே கேமரா இல்லாமல் ஒரு டைவ் போய் உங்கள் எடையைச் சரிபாருங்கள். கடைசியில், சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) இருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில் பிசிடியை (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) காலி செய்துவிட்டுச் சாதாரணமாக மூச்சுவிட்டபடி நிற்க முடிய வேண்டும். கடைசியில் ஏன் என்றால், காற்றுக்கும் எடை உண்டு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பாரிலிருந்து 50 பாருக்கு வரும்போது 1800 லிட்டர் காற்று போயிருக்கும். அது 2 கிலோவுக்கு மேல். தொடக்கத்தில் சரியாக இருந்த எடை முடிவில் போதாமல் போவது இதனால்தான். வெட்சூட்டை மாற்றினால் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். கேமராவுக்காக பெல்ட்டைத் தொடக்கூடாது. கேமராவைத்தான் உங்களுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

டிரம்மில் அளப்பது

தேவையானவை: கேமரா முழுதாக மூழ்கும் அளவுக்கு ஒரு டிரம் அல்லது குளியல் தொட்டி, மீன் எடை போடும் கொக்கித் தராசு (சூட்கேஸ் தராசும் போதும்), மெல்லிய கயிறு, கொஞ்சம் ஈயக்குண்டு. ஈயம் எனக்கு வாங்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு அங்கிள் ஐம்பது வருடமாகத் தூண்டில் போடுகிறவர். இரண்டு வார்த்தை தமிழ், பத்து வார்த்தை ஆங்கிலம் என்று பேசுவார். "தம்பி, எந்த சைஸ்?" என்று கேட்டு ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையக் குண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். இங்கே குண்டுகளை அவுன்ஸ் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் 28 கிராம். 5 அவுன்ஸ் குண்டு 142 கிராம்.

கேமரா உள்ளே இல்லாமல் ஹவுசிங்கை மட்டும் மூழ்கவைத்து, ஓ-ரிங் (மூடியில் உள்ள ரப்பர் வளையம்) கசிகிறதா என்று முதலில் பாருங்கள். வேக்குவம் பம்ப் (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிக் கசிவைப் பார்ப்பது) இருந்தால் அந்தச் சோதனையையும் முடித்துவிடுங்கள். அதன்பிறகு கடலுக்குக் கொண்டுபோவது போலவே எல்லாவற்றையும் மாட்டுங்கள்: கேமரா, லென்ஸ், போர்ட் (லென்ஸுக்கு முன்னால் வரும் கண்ணாடி மூடி), ட்ரே (கைப்பிடிகள் பொருத்திய அடித்தட்டு), ஆர்ம்கள் (ஸ்ட்ரோப்பைத் தாங்கும் கைகள்), ஸ்ட்ரோப், அவற்றின் பேட்டரி, ஃபோகஸ் விளக்கு. பேட்டரிதானே என்று விடாதீர்கள். இரண்டு ஸ்ட்ரோப்புக்கு எட்டு ஏஏ ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அதுவே 200 கிராமைத் தாண்டும்.

இப்போது கரையில் ஒரு எடை போடுங்கள். குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கயிற்றில் கட்டித் தராசில் தொங்கவிட்டு, முழுதாக மூழ்கும்வரை இறக்குங்கள். டிரம்மின் அடியிலோ பக்கத்திலோ இடிக்கக்கூடாது. ஹவுசிங்கை மெதுவாக நாலாபக்கமும் உருட்டுங்கள். ட்ரேயின் அடியிலும் கைப்பிடிக் குழாயிலும் ஒளிந்திருக்கும் குமிழிகள் வெளியே வரும். தராசு காட்டுவதுதான் நீர் எடை. இந்தக் கட்டுரையில் கனம் என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான்.

மூழ்காமல் மிதக்கிறதா? அப்படியானால் ஒரு வலைப்பையில் குண்டுகளைப் போட்டுக் கட்டி, தராசில் தெரியும்படி மூழ்கவையுங்கள். தராசு காட்டும் எண்ணிலிருந்து, தண்ணீருக்குள் அந்தக் குண்டுகளின் எடையைக் கழியுங்கள். விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதுதான் மிதக்கும் அளவு. ஈயமும் தண்ணீருக்குள் தன் எடையில் சுமார் 9 சதவீதம் இழக்கும். 100 கிராம் குண்டு உள்ளே 91 கிராம்தான்.

நல்ல தண்ணீரிலிருந்து கடலுக்கு

குழாய்த் தண்ணீரில் அளந்த எண் கடலில் செல்லாது. கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ, கூடுதல் கனமான நீர், கூடுதலாகத் தூக்கும். டிரம்மில் உப்பு கரைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 100 லிட்டருக்கு 3.5 கிலோ உப்பு வேண்டும். ஹவுசிங்கையும் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் விதியே போதும்.

ஒரு உதாரணம். கரையில் 6.20 கிலோ, டிரம்மில் 1.10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5.10 கிலோ. அப்படியென்றால் மொத்தச் சாமானும் இடம்பெயர்க்கும் தண்ணீர் 5.10 லிட்டர். இதே 5.10 லிட்டர் கடலில் 5.10 × 1.025, அதாவது 5.23 கிலோ தூக்கும். 6.20-இலிருந்து கழித்தால் கடலில் நீர் எடை 0.97 கிலோ. டிரம்முக்கும் கடலுக்கும் 130 கிராம் வித்தியாசம். சின்ன எண் போலத் தெரியும். ஆனால் இதே சாமான் மிதவை சேர்த்து டிரம்மில் மூழ்காமலும் மேலே வராமலும் கச்சிதமாக நின்றால், கடலில் 150 கிராமுக்கும் கூடுதலாக மேல்நோக்கி இழுக்கும். கைவிட்டால் போய்விடும்.

எவ்வளவு கனத்தை மிச்சம் வைப்பது?

பூஜ்யம் வேண்டாம். கடலில் 100 முதல் 200 கிராம் வரை கனம் இருக்கட்டும். நான் 150-இல் நிறுத்துகிறேன். மேலே சொன்ன 5 அவுன்ஸ் குண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்தக் கனம்தான். ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறுகையால் மாஸ்க்கைச் சரிசெய்யலாம். விட்டால் மெதுவாக இறங்கும்; குனிந்து எடுத்துக்கொள்ளலாம். மிதக்கிற கேமரா இதற்கு நேர்மாறு. கைதவறினால் அதைத் துரத்திக்கொண்டு மேலே போகத் தோன்றும், ஆனால் அதை மட்டும் செய்யவே கூடாது. போனது போகட்டும் என்று விட்டுவிட வேண்டும், அதற்கு மனசு வராது.

மேக்ரோ (சின்ன உயிர்களை மிக நெருக்கத்தில்) எடுப்பவர்கள் சிலர் இன்னும் கொஞ்சம் கனம் கேட்பார்கள். கை ஆடாமல் நிற்கும் என்பார்கள். அலிவாலில் அலையின் உந்துதல் அடிவரை வரும், முன்னும் பின்னும் தள்ளும். அங்கே கனமான கேமரா கை ஆட்டத்தைக் குறைக்கிறது என்பது உண்மைதான். எனக்கு 250-க்கு மேல் போனால் தோள் சொல்லிவிடும்.

உதாரணத்துக்கு வருவோம். 970 கிராம் இருக்கிறது, 150 வேண்டும். 820 கிராம் தூக்கும் மிதவை தேவை.

எந்த மிதவை?

இங்கே ஒரு சொந்தக் கதை. முதல் வருடம் நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்துக்கொள்ளும் நீளமான ஃபோம் குழாயை வாங்கி, துண்டு போட்டு ஆர்ம்களில் மாட்டினேன். மொத்தச் செலவு ஒரு பன்னி சௌவின் (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) விலை. குளத்தில் கேமரா அப்படியே அந்தரத்தில் நின்றது. எனக்கு ஒரே பெருமை. அலிவாலில் 20 மீட்டர் போனதும் கேமரா கல்லாகிவிட்டது. ஃபோமைப் பார்த்தால் வற்றல் போலச் சுருங்கியிருந்தது. மேலே வந்தபிறகும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

காரணம் எளிது. 20 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல மூன்று மடங்கு. மென்மையான ஃபோமின் உள்ளே இருப்பது காற்று. அது நசுங்கும், இடம்பெயர்க்கும் தண்ணீர் குறையும், தூக்கும் சக்தியும் போகும். ஹவுசிங் விறைப்பானது, ஆழம் போனாலும் அதன் கொள்ளளவு மாறாது. மிதவையும் அப்படி விறைப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழிவிழும் எதையும் வாங்காதீர்கள்.

நல்ல வழிகள் இரண்டு. ஒன்று, உள்ளே காற்றுள்ள தடித்த மிதவை ஆர்ம். இன்னொன்று, இருக்கும் ஆர்மின் மேலேயே மாட்டும் கடினமான ஃபோம் துண்டுகள். இரண்டாவதில் ஒரு துண்டைக் கழற்றி, ஒரு துண்டைச் சேர்த்து நுணுக்கமாகச் சரிசெய்யலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். மிதவை ஆர்ம் வாங்கினால் ஒன்றை மறக்கக்கூடாது: பழைய உலோக ஆர்மைக் கழற்றுகிறீர்கள், அதன் கனமும் போகிறது. ஆகவே மாற்றியபின் முழுதாக மறுபடி அளக்க வேண்டும். எதை வாங்கினாலும் எத்தனை மீட்டர் வரை தாங்கும் என்று அதில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிவிசி குழாய்க்கு இருபக்கமும் மூடி ஒட்டி வீட்டிலேயே செய்பவர்களும் உண்டு. மலிவு, விறைப்பு, வேலை செய்யும். ஆனால் ஒட்டிய இடத்தில் கசிந்தால், மிதவை டைவின் நடுவிலேயே எடைக்கல்லாகிவிடும். நான் செய்வதில்லை.

மிதவையின் தூக்கும் சக்தியைப் பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து நம்பாமல் நீங்களே அளங்கள். ஒரு கிலோ ஈயத்தைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் தராசு சுமார் 910 கிராம் காட்டும். அதோடு மிதவையைக் கட்டி மறுபடி மூழ்கவையுங்கள். 610 காட்டினால் மிதவை 300 கிராம் தூக்குகிறது. அவ்வளவுதான்.

இன்னொன்று: பெரிய மிதவை இலவசம் இல்லை. பருமன் கூடினால் நீரோட்டத்தில் பாய்மரம் போல வேலை செய்யும். 6 கிலோ சாமானின் நீர் எடையை 150 கிராமாக்கலாம், அதன் நிறை 6 கிலோவாகவேதான் இருக்கும். சட்டென்று திருப்ப முடியாது, திருப்பினால் சட்டென்று நிற்காது.

சாய்வு: மணிக்கட்டின் எதிரி

நீர் எடை 150 கிராமுக்கு வந்துவிட்டது. இருந்தும் கை வலிக்கிறதா? கேமரா மூக்கைத் தூக்குகிறது, அல்லது கவிழ்கிறது. நீங்கள் ஒரு மணி நேரம் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பெரிய டோம் போர்ட்டுக்குள் (அரைக்கோள வடிவ போர்ட்) முழுக்கக் காற்று. அது மேலே போகப் பார்க்கும், லென்ஸ் வானத்தைப் பார்க்கும். மேக்ரோவில் தலைகீழ்: ஒல்லியான போர்ட், உள்ளே கனமான கண்ணாடி, முன்னால் இன்னொரு க்ளோஸ்-அப் லென்ஸ். மூக்கு தரையைப் பார்க்கும். ஒரே ஹவுசிங்கே இரண்டு நாளில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

இதைப் பார்க்க டிரம் போதாது. குளம் வேண்டும். நான் போவது தென்கரையில் பாறைகளுக்கு நடுவே கட்டியிருக்கும் கடல்நீர்க் குளம் ஒன்றுக்கு. வற்று நேரத்தில் இடுப்பளவு நீர், அதுவும் உப்புநீர். இரண்டு கைப்பிடிகளின் அடியிலும் ஒரு விரலை மட்டும் கொக்கி போல வைத்து கேமராவைத் தாங்குங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் விடை. ஸ்ட்ரோப் ஆர்ம்களை வழக்கமாக எந்த நிலையில் வைத்துப் படமெடுப்பீர்களோ அந்த நிலையில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். ஆர்ம் நகர்ந்தால் மிதவையும் நகரும், சமநிலையும் மாறும்.

மூக்கு தூக்கினால் டோமின் அடியில் ஈயம் கட்டுவது பழைய வழக்கம். வேலை செய்யும். ஆனால் அதற்கு முன் மிதவைகளைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். டோம், கைப்பிடிக்கு 15 சென்டிமீட்டர் முன்னால் 300 கிராம் தூக்குகிறது என்று வைப்போம். 600 கிராம் தூக்கும் மிதவைகளை 7.5 சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தினால் இரண்டும் சமமாகிவிடும் (300 × 15 = 600 × 7.5). ஒரு கிராம்கூடச் சேர்க்க வேண்டியதில்லை. வைட் ஆங்கிளில் (அகலமான காட்சி எடுக்கும்போது) ஸ்ட்ரோப்களை எப்படியும் டோமுக்குப் பின்னால்தான் வைப்போம், அது தோதாக அமைந்துவிடுகிறது. மேக்ரோவில் ஸ்ட்ரோப்கள் போர்ட்டுக்குப் பக்கத்தில் முன்னால் வரும். மிதவையும் கூடவே முன்னால் வந்து மூக்கைத் தூக்கிவிடும். அதுவும் போதாவிட்டால் போர்ட்டைச் சுற்றி மாட்டும் வளைய மிதவை உண்டு.

மிச்சமுள்ள சின்னச் சாய்வுக்கு டயர் கடையில் சக்கரத்தில் ஒட்டும் பட்டை எடைகள் அருமை. 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக ஒடித்துக்கொள்ளலாம். பசை உப்புநீரில் நிற்காது. இடம் முடிவானதும் பிளாஸ்டிக் டையால் கட்டிவிடுங்கள்.

அடுத்தது பக்கவாட்டுச் சாய்வு. ஒரு ஸ்ட்ரோப் மட்டும் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது பெரிய தொல்லை. கனமுள்ள பக்கம் மிதவையைச் சேருங்கள், முடிந்தது.

கடைசியாக ஒன்று, பலர் கவனிக்காதது. மிதவைகளை ஹவுசிங்குக்கு மேலே உயரத்தில் வைத்தால் கேமரா தஞ்சாவூர் பொம்மை ஆகிவிடும். எப்படிச் சாய்த்தாலும் நிமிரும். படுக்கைவாட்டில் எடுக்கும்வரை சொகுசு. சுறாவை நெடுக்குவாட்டில் எடுக்கத் திருப்பினால் கையோடு மல்லுக்கு நிற்கும். நெடுக்குவாட்டுப் படம் நிறைய எடுப்பவர் மிதவைகளை ஹவுசிங்கோடு ஒட்டியபடி, தாழ்வாக வையுங்கள். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது, நான் படுக்கைவாட்டுக்காரன்.

கடலில் சரிபார்ப்பு

முதல் டைவில் சுறா, குகை எதுவும் வேண்டாம். 5 மீட்டரில் நில்லுங்கள். லேன்யார்டு (கேமராவை உடம்போடு பிணைக்கும் கயிறு) கொக்கி பிசிடியில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு கேமராவை விடுங்கள். மட்டமாக, மெதுவாக இறங்க வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் முழங்காலைத் தாண்டிவிட்டால் கனம் கூடுதல். அசையாமல் நின்றாலோ மேலே வந்தாலோ ஒரு துண்டு மிதவையைக் கழற்ற வேண்டும். இதையே டைவின் ஆழமான இடத்திலும் ஒரு முறை செய்யுங்கள். 5 மீட்டரில் போலவே அங்கேயும் நடந்துகொண்டால் மிதவை நசுங்கவில்லை என்று அர்த்தம்.

எண்களை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கிறேன்: எந்த லென்ஸ், எந்த போர்ட், எத்தனை துண்டு மிதவை, ஆர்ம் எந்த நிலை, ஈயம் எங்கே எத்தனை கிராம். என்னிடம் இரண்டே பக்கம்தான், டோமுக்கு ஒன்று, மேக்ரோவுக்கு ஒன்று. லென்ஸ் மாற்றும் அன்று நோட்டைப் பார்த்து மாட்டிவிட்டால் வேலை பத்து நிமிடம். ஸ்ட்ரோப்போ ஆர்மோ மாற்றினால் மட்டும் டிரம்முக்குத் திரும்ப வேண்டும்.

படகில்

உம்கோமாஸில் படகுத்துறை கிடையாது. ரப்பர் டக் என்று சொல்லும் காற்றடைத்த படகில் ஆற்றுமுகத்திலிருந்து அலையை உடைத்துக்கொண்டு போக வேண்டும். கால்கள் பட்டைக்குள், இரண்டு கையும் கயிற்றில். கேமராவுக்குக் கை கிடையாது. ஆர்ம்களை மடித்து, கிளாம்ப்களை (ஆர்ம்களை இணைக்கும் பிடிகள்) இறுக்கி, டோமுக்கு உறை போட்டு, ஸ்கிப்பர் காட்டும் பெட்டியில் வைத்துவிடுங்கள். இறங்கியபிறகு படகிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். கேமராவோடு பின்பக்கமாக விழாதீர்கள். நீரோட்டம் பலமாக இருந்து உடனே இறங்கச் சொல்லும் நாட்களில் நான் கேமராவைப் படகிலேயே விட்டுவிடுவேன்.

திரும்ப ஏறும்போது முதலில் கேமரா, பிறகு வெய்ட் பெல்ட், பிறகு பிசிடி. தண்ணீரில் 150 கிராமாக இருந்தது படகுக்கு மேலே போகும்போது 6 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். வாங்குபவர் மிதவை ஆர்மைப் பிடித்துத் தூக்கினால் கிளாம்ப் திருகிக்கொள்ளும். இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே ஒரு கயிற்றுப் பிடி கட்டிவிடுங்கள், அதைப் பிடித்துத் தூக்கச் சொல்லி கிளம்புவதற்கு முன்பே ஸ்கிப்பரிடம் காட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறப்போடும்போது ஆர்மில் மாட்டிய ஃபோம் துண்டுகளைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். உப்பு அவற்றின் அடியில்தான் போய் உட்கார்ந்துகொள்கிறது.